மஞ்சனூரணி ஹால்ட்டில் மூன்று வேட்டு

எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் கமிட்டியில் பதினோரு பேர். பத்துப் பேருக்கு வேலை இருக்கிறது. பதினோராவது ஆள் நான். அதனால்தான் வருஷக் காலண்டர் அச்சடிக்க யாராவது சிவகாசிக்குப் போக வேண்டும் என்ற பேச்சு வந்ததும் பத்துத் தலையும் என் பக்கம் திரும்பின. மலேசியாவில், பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே இருந்த ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனில் முப்பத்தோரு வருஷம் டிக்கெட் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். இப்போது அந்த ஸ்டேஷன் இல்லை. இரட்டைப் பாதை போடுகிறோம் என்று இடித்துவிட்டார்கள். இடித்த அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சிவகாசியில் தங்க இடம் கிடைக்கவில்லை. தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது வெளியூர் வியாபாரிகள் எல்லா லாட்ஜையும் பிடித்துவிடுகிறார்கள். விருதுநகரில் அறை எடுத்தேன். எங்கள் ஊரில் வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் நாலு மணிக்கு மழை வந்து சமாதானம் பண்ணிவிட்டுப் போகும். விருதுநகர் வெயிலுக்கு அந்த நாகரிகம் கிடையாது. புரட்டாசி மாதம், சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவரைத் தொட முடியவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பரோட்டாக் கடையைத் தேடிப் போனேன். எங்கள் ஊர் ரொட்டி சானாயைக் கல்லில் சுடுவார்கள். இங்கே எண்ணெயில் குளிப்பாட்டி எடுக்கிறார்கள். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கடைக்காரர் கவனித்துவிட்டார்.

"எண்ணெயப் பாத்து மலைக்காதீக அண்ணாச்சி. நொறுக்கிப் போட்டுச் சால்னாவ ஊத்துங்க. அம்புட்டும் உள்ள போயிரும்."

போய்விட்டது. டாக்டர் என் மனைவியிடம் சொல்லி அனுப்பிய எல்லாப் புத்திமதியும் அந்த ஒரே இலையில் போய்விட்டது. "இன்னும் ரெண்டு வைக்கட்டா?" என்றார். வைக்கச் சொன்னேன்.

மறுநாள் காலை பாசஞ்சர் ரயிலில் சிவகாசிக்குக் கிளம்பினேன். மீட்டர்கேஜ் பாதையைப் பிடுங்கிப்போட்டு, சில வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்து, இப்போதுதான் அகலப்பாதை ஆகியிருந்தது. எனக்கு ஜன்னலோரம். பக்கத்தில் காரச்சேவுப் பொட்டலத்தோடு ஒருவர். இரண்டு பக்கமும் கரிசல் காடு, சீமைக்கருவேலம், தள்ளித் தள்ளிக் கட்டிய பட்டாசு அறைகள். திடீரென்று ஒரு மஞ்சள் பலகை வந்தது. மஞ்சனூரணி என்று மூன்று மொழியில், நேற்று எழுதியதுபோல். பிளாட்பாரமும் புதிது. வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை. பிளாட்பாரத்தின் நடுவில் சாயம் போன காக்கிச் சட்டையில் ஒருவர் விறைப்பாக நின்று பச்சைத் துணியைப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால் பீரோ அளவுக்கு ஒரு டிக்கெட் அறை, வெள்ளையடித்து. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் பின்னால் போய்விட்டது.

"இங்கே நிற்காதா?" என்றேன் பக்கத்தில் இருந்தவரிடம்.

"மீட்டர்கேஜ்ல நின்னுச்சு. பெரிய லைனு வந்த பெறகு நிக்கிறதில்ல."

"பிறகு எதுக்கு அவர் கொடி பிடிக்கிறார்?"

"மொத நாள்லேர்ந்து பிடிக்காரு. யாரு என்னன்னு கேக்குறதில்ல. சேவு எடுத்துக்கோங்க."

சேவு நன்றாக இருந்தது. ஆனால் அந்தப் பச்சைத் துணி தொண்டையில் நின்றுகொண்டது.

அச்சகத்தில் எனக்கு நல்ல மரியாதை, மோசமான செய்தி. முதலாளி மோர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கையைப் பிசைந்தார். "சீசன் அண்ணாச்சி. மெஷின் பூராம் வெடிப் பெட்டி லேபிள்தான் ஓடுது. நாலு நாள் பொறுங்க, உங்க ஆர்டரை ஏத்திருவேன்." நான் ஒன்றும் சொல்வதற்குள் வெளியே எங்கோ படீர் என்றது. நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அச்சகத்தில் ஒருவர்கூடத் தலையைத் தூக்கவில்லை. "டெஸ்டிங்" என்றார் முதலாளி. "காலையிலேர்ந்து சாயங்காலம் வரை இப்படித்தான். எங்களுக்குக் காக்கா கத்துற மாதிரி." சரி என்று உட்கார்ந்து, கமிட்டித் தலைவரின் படத்தை அம்மன் படத்தைவிடச் சின்னதாகப் போடச் சொன்னேன். தலைவர் அனுப்பிய அளவில் பெரிதாக இருந்தது.

நாலு நாள் சும்மா இருப்பதற்கு எனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் டவுன் பஸ் ஏறி, "மஞ்சனூரணி" என்று கண்டக்டரிடம் சொன்னேன். அவர் என்னை ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டு, "இப்படியே நேரா நடங்க, இந்தா வந்துரும்" என்றார். இந்தா என்பது மூன்று கிலோமீட்டர். பாதித் தூரத்தில் மழை பிடித்துக்கொண்டது. கரிசல் மண்ணில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒவ்வோர் எட்டுக்கும் ஒரு கிலோ மண் காலோடு வருகிறது. இடது செருப்பைப் பூமி விழுங்கிவிட்டது. கையை விட்டுத் தோண்டிப் பார்த்தேன், கொடுக்கவில்லை.

"ஏ ஆத்தி! யாருங்க இது, ஒத்தச் செருப்போட ஊருக்கு வாரது?"

ரயில்வே லைன் வீட்டு வாசலில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாற்பது வயது இருக்கும். பெயர் பேச்சியம்மா என்று பிறகு தெரிந்தது. மழை மேகம் கூடினாலே பட்டாசுக் கம்பெனியில் மருந்து வேலையை மட்டும் நிறுத்தி அந்த ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் மத்தியானத்தில் வீட்டில் இருந்தாள். அவள் கால் கழுவத் தண்ணீர் ஊற்றியபோதுதான் கையைப் பார்த்தேன். முழங்கை வரை வெள்ளி. அலுமினியப் பொடி ரேகைக்குள் எல்லாம் ஏறி, கோயில் கவசம் போட்ட கைபோல மின்னியது.

உள்ளேயிருந்து அந்தக் காக்கிச் சட்டைக்காரர் வந்தார். பேச்சியம்மாவின் கணவர், சுடலைமுத்து. நான் மலேசியாவில் டிக்கெட் கிளார்க்காக இருந்தவன் என்று சொன்னதுதான் தாமதம், மனிதர் நாற்காலியைத் துடைத்தார், மறுபடி துடைத்தார், தானும் உட்காராமல் என்னையும் உட்காரவிடாமல் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய இரண்டு கையிலும் விரல்கள் தோல் சுருங்கி மடங்கிப்போயிருந்தன.

மழை விட்டதும் ஊரைச் சுற்றிக் காட்டினார். சுற்றிக் காட்ட அதிக நேரம் ஆகவில்லை. தண்டவாளத்துக்கு வடக்கே ஊரணி. தெற்கே ஆறு வீடு கொண்ட கேங்மேன் லைன், ஏழு வேப்பமரம், ஒரு காளி கோயில். அதற்குப் பின்னால் கிராமம், நூற்றைம்பது வீடு. மேற்கே மழை கழுவிய வானத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. அந்தக் காலத்தில் இங்கே ஸ்டேஷன் போடும் எண்ணமே யாருக்கும் இல்லையாம். ஊரணித் தண்ணீர் தேங்காய்த் தண்ணீர் மாதிரி இருக்கும் என்று இஞ்சின்காரர்கள் தாங்களாகவே நிறுத்திக் குடிக்க ஆரம்பித்திருக்கிறார்கள். நிற்கிற ரயிலில் ஜனங்கள் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். இறக்கிவிட முடியாமல் ரயில்வே பலகை நட்டுவிட்டது. இது சுடலைமுத்து சொன்ன வரலாறு.

"இவுக அய்யா சொன்ன கதை" என்றாள் பேச்சியம்மா. "அவுக இஞ்சினையே ஊரணியில குளிப்பாட்டுனதாகூடச் சொல்லுவாக."

கதை எப்படியோ, மிச்சம் உண்மை. பாதையைப் பராமரிக்கச் சாத்தூர்ப் பக்கத்திலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் கேங்மேன்கள் வந்து ஆறு வீட்டில் குடியேறினார்கள். சுடலைமுத்துவின் அப்பா அதில் ஒருவர். கிராமத்து ஜனங்கள் பிறத்தியார் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்கள். மழை பொய்த்த வருஷங்களில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் போனார்கள், காலை ரயிலில் போய் மாலை ரயிலில் வந்தார்கள். ஹால்ட் ஸ்டேஷனுக்கு ரயில்வே ஆள் போடாது. உள்ளூரில் ஒருவரை ஏஜெண்டாக வைத்து டிக்கெட் விற்கச் சொல்லும். பதினாறு வருஷம் அந்த ஏஜெண்ட் சுடலைமுத்து. பாதையை மூடியபோது அவரும் பட்டாசுக்குப் போனார். ஒரு சித்திரை மாதம் மருந்தறையில் தீப்பிடித்தது. உயிர் பிழைத்தது, விரல் பிழைக்கவில்லை. அவருடைய இடத்துக்குப் பேச்சியம்மா வேலைக்குப் போனாள்.

"இவளுக்கு நெஞ்சுல சளி கட்டுது அண்ணே" என்றார் மெதுவாக, அவள் உள்ளே போன நேரம் பார்த்து. "பொடியில இருக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பொடிய விட்டா வேற என்ன இருக்கு இங்கன? ரயில் நின்னாத்தான். ஏஜெண்டு வேலைக்கு இவ பேர்லதான் மனு போட்டிருக்கேன். என் கையில டிக்கெட்டு நிக்காது."

மனு போட்டு எட்டு மாதம். இப்போதுதான் அசைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைப் பாசஞ்சரில் கடைசியாக ஒரு தனிப் பெட்டி மாட்டி, மதுரையிலிருந்து பெரிய அதிகாரி வருகிறாராம். அந்தப் பெட்டியின் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதில் உட்கார்ந்தபடி நிற்கிற ஸ்டேஷன், நிற்காத ஸ்டேஷன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே போவார். எது நிற்க வேண்டும், எதை மூட வேண்டும் என்று பிறகு எழுதுவார். மஞ்சனூரணிக்குக் கிடைக்கப்போவது அரை நிமிஷம்கூட இல்லை.

சாயங்காலம் நான் பார்த்ததை என் மனைவியிடம் போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை இறக்கின. வீட்டுக்குப் போகாமல் பத்துப் பதினைந்து பேர் நேராக டிக்கெட் அறை முன்னால் வரிசையில் நின்றார்கள். உள்ளே பேச்சியம்மா. தீப்பெட்டி அட்டையை டிக்கெட் அளவுக்கு வெட்டிக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தாள். சுடலைமுத்து கையில் கடிகாரம்.

"எங்க போகணும்?"

"ரெண்டு திருத்தங்கல்."

"சில்லறையா குடுங்க. அடுத்தாளு!"

ஹால்ட்டில் ரயில் ஒரு நிமிஷம்தான் நிற்கும். அதற்குள் எல்லாருக்கும் டிக்கெட் கிடைக்க வேண்டும். அதற்காக எட்டு மாதமாக ஊரே பொய் டிக்கெட் வாங்கிப் பழகுகிறது. ஒரு கிழவர் வேண்டுமென்றே காசிக்கு டிக்கெட் கேட்டார். "காசிக்கு இங்கன குடுக்க மாட்டாக, மதுரையில போயி வாங்கும். வழிய விடும்!" என்று பேச்சியம்மா விரட்டினாள். வரிசை சிரித்தது. நானும் நின்றேன். "விருதுநகர் ஒன்று" என்றேன். முப்பத்தோரு வருஷம் ஜன்னலுக்கு உள்ளே இருந்தவன், அன்றுதான் வெளியே நிற்கிறேன். அட்டையைத் தந்தாள். அதில் அவளுடைய கட்டைவிரல் வெள்ளியாகப் பதிந்திருந்தது.

"பாத்தியா, பாத்தியா" என்று சுடலைமுத்து பதறினார். "டிக்கெட்டுல கறை படக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்லுறது?"

"கழுவினாப் போற பொடியா இது? உங்க டிக்கெட்டு வரட்டும், அப்பம் கையச் சுத்தமா வச்சுக்கிடுதேன்."

சொல்லும்போது சிரித்தாள், சிரிப்பு இருமலாகிவிட்டது. வரிசை அது முடியும் வரை காத்திருந்தது. அந்த அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பயண அட்டை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை அச்சக முதலாளியின் ஸ்கூட்டரில் போய் இறங்கினேன். புதுச் செருப்பு. பிளாட்பாரத்தைத் தலைமுடி அளவு தூசி இல்லாமல் பெருக்கி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கோலம் போட்டிருந்தார்கள். சீசன் நேரத்தில் அரை நாள் வேலையை விட்டுவிட்டு எழுபது எண்பது பேர், தலைக்குக் குளித்து, தீபாவளிக்கு எடுத்த புதுச் சேலையை முன்கூட்டியே கட்டி, பூ வைத்து நின்றார்கள். பேச்சியம்மா டிக்கெட் அறைக்குள். ரயில் கடந்து போகும் வரை ஜன்னலை விட்டு நகரக் கூடாது என்று கணவர் உத்தரவு. அவர் நடுவில் பச்சைத் துணியோடு.

இந்த ஊரில் எது தொடங்கினாலும் மூன்று வேட்டு போட்டுத்தான் தொடங்குவார்கள். காதுகுத்து, வீடு புகுதல், கம்பெனியில் முதல் லோடு ஏற்றுவது, எதுவானாலும். வெளியூர் விருந்தாளி இருந்தால் திரியை அவர்தான் பற்றவைக்க வேண்டும். எனக்கு மாலை போட்டு, பிளாட்பாரத்தின் கிழக்குக் கோடியில், தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தினார்கள். கையில் ஊதுபத்தி. தரையில் மூன்று பெரிய வெடி, வரிசையாக, ஒரே திரியில் கோத்தது.

"இஞ்சின் தலை தெரிஞ்சதும் வச்சிருங்க அண்ணே. வச்சிட்டு எங்கிட்டும் பாக்காம ஓடியாங்க" என்று ஊர்க்காரர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

எங்கள் நாட்டில் பட்டாசு விற்பதே தடை. வெடி கொளுத்தி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. என் கவனமெல்லாம் வேட்டி தீப்பிடித்துவிடக் கூடாது என்பதில்தான். இஞ்சின் தெரிந்தது. வைத்தேன். ஓடினேன்.

முதல் வெடி. இரண்டாவது. அந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு நினைவு வந்துவிட்டது. ஐயோ என்று கத்தினேன். மூன்றாவது வெடித்துவிட்டது.

உலகத்தில் எந்த ரயில்வேயிலும் இது உண்டு. முன்னால் பாலம் உடைந்திருந்தால், பாதை கெட்டிருந்தால், தண்டவாளத்தின் மேல் சின்ன வெடித் தகடு மூன்று வைப்பார்கள். சக்கரம் ஏறி அது வெடித்தால் டிரைவர் ஒன்றும் யோசிக்கக் கூடாது, நிறுத்திவிட வேண்டும். நான் பரீட்சை எழுதித் தேறிய பாடம். கேங்மேன் மகன் சுடலைமுத்துவுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த விஷயம். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு வெடிச்சத்தம் காதிலேயே விழுவதில்லை. எனக்கு என்ன வந்தது?

பிரேக் கிறீச்சிட்டுக்கொண்டு வண்டி எங்களை எல்லாம் தாண்டிப் போய் நின்றது. கடைசியில் மாட்டிய கண்ணாடிப் பெட்டி சரியாக டிக்கெட் அறைக்கு எதிரே வந்து நின்றது.

டிரைவர் இஞ்சினிலிருந்து குதித்து ஓடிவந்தார். "யாருய்யா வெடிச்சது? அறிவு இருக்கா? உள்ளே ஐந்நூறு பேர் இருக்காங்க! பாதை பேந்துருச்சுன்னு நெனச்சேன்யா!" கார்டு சிவப்புக் கொடியோடு வந்தார். ஜனங்கள் அப்படியே விறைத்து நின்றார்கள். பேந்துபோனது தங்கள் எட்டு மாதம் என்று எல்லார் முகத்திலும் எழுதியிருந்தது. சுடலைமுத்துவின் கையிலிருந்து பச்சைத் துணி நழுவி விழுந்ததைப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை.

"நான்தான்" என்று மாலையோடு முன்னால் போனேன். "இவர்கள் மேல் தப்பு இல்லை. நான் ரயில்வேயில் இருந்தவன். தெரிந்தும் செய்துவிட்டேன்."

கண்ணாடிப் பெட்டியிலிருந்து அதிகாரி இறங்கினார். ஐம்பது வயது, மூக்குக்கண்ணாடி, உரக்கப் பேசாத மனிதர். கூட வந்த உதவியாளர் ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னார்: இது குற்றம், வழக்குப் போட வேண்டும், இப்படிப்பட்ட ஊருக்கு ரயில் நிறுத்தம் ஒரு கேடா என்று. அதிகாரி கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து பிளாட்பாரத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கார்டிடம் கேட்டார்.

"நின்னு எத்தனை நிமிஷம்?"

"ஏழு சார்."

"ஏழு நிமிஷம்." ஜனங்கள் பக்கம் திரும்பினார். "ரயில் வேணும்னு எட்டு மாசமா எழுதறீங்க. இப்ப ரயில் உங்க முன்னாடி நிக்குது. எல்லாக் கதவும் திறந்திருக்கு. ஏன் ஒருத்தர்கூட ஏறலை?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஒருவர் ஏறவில்லை. ஓர் அடி முன்னால் வைக்கவில்லை. பயந்துபோய் நிற்கிறார்கள் என்று நினைத்தேன்.

டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளிருந்து பேச்சியம்மா பதில் சொன்னாள். அவள் இன்னும் இடத்தை விட்டு நகரவில்லை.

"டிக்கெட்டு இல்லாம எப்பிடி சார் ஏறுவாக? குடுக்கதுக்கு நான் இருக்கேன். டிக்கெட்டுத்தான் இன்னும் வரலை."

அதிகாரி ஜன்னலுக்குப் போனார். தீப்பெட்டி அட்டைக் கட்டுகளைப் பார்த்தார். பலகை மேல் வைத்திருந்த இரண்டு வெள்ளிக் கையைப் பார்த்தார். "எங்கே வேலை?" என்றார். "வெடிக் கம்பெனியில சார், மருந்து போடுதேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க வண்டியில ஏறுங்க. சிவகாசியில எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

வண்டி நகர்ந்தது. சுடலைமுத்து குனிந்து பச்சைத் துணியை அந்த மடங்கிய விரல்களால் எடுத்துத் தூக்கிப் பிடித்தார். இந்தத் தடவை கடைசிப் பெட்டிக்கு முன்னாலிருந்து கார்டு தன் பச்சைக் கொடியை நீட்டி அவருக்குப் பதில் காட்டினார்.

சிவகாசி ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நடந்ததை இரண்டு பிரதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி படித்துப் பார்த்தார். "முப்பத்தோரு வருஷ சர்வீஸ். இது தெரியாதா?"

"தெரியும் சார். திரிக்குப் பக்கத்தில் நிற்கும்போது தெரியவில்லை."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. "இதுவும் அவங்க மனுவும் ஒரே ஃபைல்லதான் போகும். எனக்கு மேலே இருக்கறவங்க எதை முதல்ல படிப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். நியாயமான பேச்சு.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்க மறுபடி மஞ்சனூரணிக்குப் போனேன். சுடலைமுத்து டிக்கெட் அறைப் படியில் தனியாக உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மா மத்தியானத்துக்கு மேல் வேலைக்குப் போய்விட்டாளாம்.

"எங்கய்யா டப்பாவுல இருக்கும் அண்ணே அந்தத் தகடு. நான் தொட்டுப் பாத்திருக்கேன். எனக்கு ஏன் அண்ணே தோணாமப் போச்சு?"

"எனக்கே தோணவில்லையே" என்றேன். எங்கள் ஸ்டேஷனை இடித்தபோது சும்மா இருந்தேன். இவர்கள் ஸ்டேஷனை நானே கொளுத்திவிட்டேன் என்று நினைத்தபோது அழுகை வந்துவிட்டது. அவர் என் முதுகில் கை வைத்தார்.

"இனி யாரு வரப்போறா வரிசைக்கு" என்றார்.

ஆறு மணிக்கு வேன்கள் வந்தன. ஆட்கள் இறங்கினார்கள். யாரும் யாரையும் கூப்பிடவில்லை. நேராக வந்து வரிசையில் நின்றார்கள். முந்தாநாளைவிடக் கூட்டம் அதிகம். பேச்சியம்மா கையைக் கழுவிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். "ஏங்க, கடியாரத்தை எடுக்கப் போறீகளா, இல்ல நானே பாத்துக்கிடவா?"

அவர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தை எடுத்தார்.

நான் ஊர் திரும்பினேன். காலண்டர் பெட்டிகள் கப்பலில் வந்தன. தலைவர் தன் படம் சின்னதாக இருப்பதாக ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மார்கழி போயிற்று, தை போயிற்று. மஞ்சனூரணியிலிருந்து ஒன்றும் வரவில்லை. நானாக எழுதிக் கேட்கத் தைரியம் இல்லை.

மாசி மாதம் ஒரு கடிதம் வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை, பேச்சியம்மா கையெழுத்து.

"அண்ணனுக்கு. ரயில் நிற்கிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆறு மாதம் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் கம்பெனியை விட்டு நின்றுவிட்டேன். இருமல் குறைச்சல். முதல் நாள் வேட்டு போடவில்லை, குலவை மட்டும் போட்டோம். முதல் டிக்கெட்டை உங்கள் பேருக்கு எடுத்து வைத்தோம். இத்துடன் இருக்கிறது."

உறைக்குள் ஒரு சின்ன அட்டை. மஞ்சனூரணி ஹால்ட்டிலிருந்து விருதுநகருக்கு, ஒரு ஆள். பத்திரமாக வைத்திருந்த தீப்பெட்டி அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தேன். அதில் அவளுடைய கட்டைவிரல் இன்னும் வெள்ளியாக மின்னியது. புது டிக்கெட்டைக் கையில் எடுத்து, விளக்குக்குக் கீழே கொண்டுபோய், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், ஓரம். எங்கேயும் ஒரு துளி வெள்ளி இல்லை. சுத்தமாக இருந்தது.